முதல் வரியில் நின்ற ஆள்

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பாதி வழியிலேயே கமலாதேவியின் இடது முழங்கால் மறுத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் கப்பல் வயிற்றுக்குள் குந்தியிருந்து சீமெந்து மூட்டை எண்ணிய கால். சம்பளத்தை அவள் வாங்கினாள், வலியை முழங்கால் வாங்கிக்கொண்டது. அவள் ஒரு மதிலைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆட்டோவ வாசல் மட்டும் உட்டிருக்கலாம் எண்டு நான் சொல்லல்ல அக்கா," என்றான் ஜவ்பர். "சொன்னா ஏசுவீங்க."

"ஆட்டோச் சத்தம் கேட்டா ஆக்கள் முகத்தைச் சரிப்படுத்திப்போட்டு நிப்பினம். நடந்து போனா முகத்தில இருக்கிறது இருக்கும்."

"இப்ப உங்கட முகத்தில இரிக்கிறதப் பாத்தா அவங்களே கதிரை எடுத்துப் போடுவாங்க."

ஜவ்பருக்கு நாற்பது வயது. கிண்ணியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான். கடையில் வேலை இல்லாத நேரம் கமலாதேவியோடு துப்புத் தேடப் போவான். கடையில் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை.

மேலே, கிரேன் பயிற்சி நிலையத்தின் வாசலில் லோஜனா காத்துக்கொண்டு நின்றாள். சல்லிக் கிராமத்துப் பெண், வயது இருபத்துநாலு, கையில் மஞ்சள் ஹெல்மெட். நேற்றுக் காலை அவள்தான் கமலாதேவியைத் தேடி வந்தவள். அவள் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டாள் என்று நிலையம் சொல்கிறது. அந்த மனிதனுக்கு இரத்தமும் இல்லை, பெயரும் இல்லை. பயிற்சிக்கு வைத்திருக்கும் பொய்க் கிரேனின் திரையில், பெட்டிக்குக் கீழே நின்று கை காட்டும் பொம்மை அவன். பதினொரு நாளுக்கு முன் நடந்த கடைசிச் சோதனையில் லோஜனா கொள்கலப் பெட்டியை அவன் தலையில் இறக்கிவிட்டாள். சோதனையில் ஆளைக் கொன்றவர் ஐந்து வருடத்துக்குக் கிரேனில் ஏற முடியாது. இன்று நாலு மணிக்கு அந்தக் கடிதம் இறங்குதுறைக்குப் போகிறது.

"திரும்பவும் ஒருக்காச் சொல்லு பிள்ளை," என்றாள் கமலாதேவி.

"ஆள் நிக்கேல்ல அன்ரி. நான் பாக்காமல் விட்டனான் எண்டு சொல்லினம். பாத்தனான். ரெண்டு தரம் பாத்தனான். வெறும் நிலம்."

"மெஷின் இழுத்து இழுத்து ஓடினதோ?"

"முந்தி அப்பிடித்தான். தலை சுத்தும், ரெண்டு பேர் சத்தியும் எடுத்தவை. சித்திரை மாசம் ஆதம்பாவா சேர் என்னவோ செய்து திருத்தினவர். அதுக்குப் பிறகு தண்ணி மாதிரி ஓடுது." அவள் ஹெல்மெட்டை மறுகைக்கு மாற்றினாள். "இப்ப சல்லிச் சந்தியால போக ஏலாது அன்ரி. பெடியள் 'விலகுங்கோடா, கொலைகாரி வாறா' எண்டு சைக்கிளை ஓரமா இழுக்கிறாங்கள். எங்கட அப்பா அதைக் கேட்டுக்கொண்டு மீன் காயப்போடுறார்."

ஜவ்பர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தான்.

*

பொய்க் கிரேன் இருந்த அறை குளிர்ந்து கிடந்தது. நிஜக் கிரேனில் இருந்து கழற்றிய இருக்கை ஒன்று, இரண்டு தடிகள், முன்னால் மூன்று திரைகள். சுவரில் பச்சை மையால் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'முதலில் ஆள். பிறகு பாரம்.'

"நான் எழுதினது," என்றார் ஆதம்பாவா. பயிற்றுநர். முப்பது வருடம் இறங்குதுறையில் கிரேன் ஓட்டியவர். அவர் உள்ளங்கை தேங்காய் மட்டை போலிருந்தது. "ஏறினதும் முதல் ஆளப் பாக்கணும். அதுக்குப் பிறகுதான் பாரம். கை தன்பாட்டில செய்யிற மட்டும் இதத்தான் சொல்லிக் குடுக்கிறன்."

முகாமையாளர் கனகசுந்தரம் ஒரு தாளோடு வேகமாக உள்ளே வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர், விரல் நகங்களில் அழுக்கில்லை. அந்த வேகம் கமலாதேவிக்குப் பிடிக்கவில்லை. கேட்குமுன் கிடைக்கும் தாளை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

"பாருங்கோ. மெஷின் படத்தைச் சேமிக்காது. என்னத்தை வரையச் சொன்னது எண்டதைச் சேமிக்கும். அதுவும் நிண்டுபோற கடைசிப் படத்துக்கு மட்டும்தான். இது பெட்டி இறங்கின அந்த நொடி. முதல் வரியிலேயே நிக்கிறான் ஆள்."

ஜவ்பர் எட்டிப் பார்த்தான். "ஓம் அக்கா. 'சைகைக்காரனை வரை' எண்டு இரிக்கி."

"எழுதிக் கிடக்கு. வரைஞ்சதோ?" என்று கேட்டாள் கமலாதேவி.

"எழுதினா வரைஞ்சதுதானே அம்மா."

"நான் சிட்டையில எழுதின சீமெந்து மூட்டையெல்லாம் உண்மையா இறங்கினதெண்டா இந்த ஊரில ஒரு ஓலை வீடும் மிஞ்சியிருக்காது. எனக்குத் தாள் வேண்டாம். மெஷினில கிடக்கிறதின்ர பிரதி வேணும்."

கனகசுந்தரம் மூலையில் இருந்த அலுமாரியைப் பார்த்தார். போய் அதைப் பூட்டினார். திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க சேர்," என்றார் ஆதம்பாவா. "புள்ளட வாழ்க்க." அவரே குனிந்து ஜவ்பரின் பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தார். "நல்ல கை அக்கா அவளுக்கு. இவ்வளவு நல்ல கைய நான் கண்டதில்ல. கண்தான் கொஞ்சம் பிந்திப்போச்சி."

வெளியே வந்ததும் ஜவ்பர் கேட்டான்: "ஆரச் சந்தேகப்படுறீங்க?"

"ஒருத்தர் கேக்காமல் பூட்டினவர். மற்றவர் கேக்காமல் குடுத்தவர்."

"அப்ப ரெண்டு பேரையும்."

"உன்னையும்தான். என்ர மூக்குக் கண்ணாடி எங்க?"

*

ஏற்றத்தின் அடியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஜவ்பர் மடிக்கணினியைத் திறந்தான். கூடவே இரண்டு ரோல்ஸ் எடுத்தான். ஒன்றை அவளுக்கு என்று எடுத்து, அதையும் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. இந்தப் பட்டியலை ஆர் எழுதினது?"

"மொழிபெயர்ப்பாளன்."

"அவன் ஆர்?"

"ஆளில்ல அக்கா, ஒரு மென்பொருள். கிரேன் புரோகிராம் பழசு. பழைய முதலாளி மாதிரி. 'நிலத்தக் கீறு, சிவப்பப் பூசு, பெட்டிய வை' எண்டு ஒண்டொண்டாக் கத்தும். அந்தக் காலத்துப் படக் கார்ட் கேட்டுக் கேட்டுச் செய்யும். சொல்லாம உட்டதையும் தானா ஊகிச்சிச் செய்யும். இப்பத்தையக் கார்ட் அப்பிடியில்ல. முழு வேலையையும் பட்டியலா எழுதி, மூடி, கையில குடுத்தாத்தான் அசையும். சொல்லாத ஒண்டையும் செய்யாது."

"நல்ல வேலைக்காரன்."

"யூனியன் வேலைக்காரன். இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர்ட பாச மத்தவருக்கு விளங்காது. கோட்டில சாட்சி சொல்லக்குள்ள நடுவில ஒருத்தர் நிப்பாரே, அப்பிடி ஒருத்தன் வேணும். பழையவன் கத்துறதக் கேட்டு, புதியவன்ட பாசையில பட்டியல் எழுதுவான். எழுதக்குள்ள திரையில ஒண்டும் வராது. வெறும் எழுத்துத்தான். மூடிக் குடுத்த பிறகுதான் கார்ட் வரையிறது."

கமலாதேவி தேநீரைக் கீழே வைத்தாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. கப்பல் அறைக்குள் இருந்து சிட்டை எழுதுவாள். அடியில் கோடு கீறி, மொத்தம் போட்டு, வாளியில் வைப்பாள். வாளி கயிற்றில் மேலே போகும். தளத்தில் நிற்கும் கங்காணி சிட்டையைக் கண்ட பிறகுதான் கிரேன் அசையும். வாளி கவிழ்ந்து கடலுக்குள் போன சிட்டைகளும் உண்டு. அவற்றில் எழுதிய மூட்டை ஒன்றுகூட நகர்ந்ததில்லை.

"அப்ப இந்தச் சிட்டை வாளியில மேல போனதோ எண்டு பார்," என்றாள்.

ஜவ்பரின் கண்ணில் வெளிச்சம் வந்தது. விரல்கள் ஓடின. பிறகு முகம் விழுந்தது. "போயிருக்கு அக்கா. மூடினது, ஒப்படைச்சது, கார்ட் முடிச்சிட்டன் எண்டு சொன்னது எல்லாம் இரிக்கி. அப்ப ஆள் திரையில வந்துதான் இரிக்கான்."

"லோஜனா பொய் சொல்லுறாள் எண்டு சொல்லுறாய்."

"நான் சொல்லல்ல. பட்டியல் சொல்லுது."

கமலாதேவி தாளை வாங்கினாள். பேனையை எடுத்தாள். வரி வரியாக எண்ணி, ஓரத்தில் நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக ஐந்தைந்தாகக் குறிக்கத் தொடங்கினாள். ஜவ்பர் இரண்டாவது ரோல்ஸையும் முடித்தான். அவள் அடிக்கு வந்து, திரும்பவும் மேலிருந்து எண்ணினாள்.

"அடியில என்ன மொத்தம் போட்டிருக்கு?"

"இருநூத்திப் பன்ரெண்டு கட்டளை."

"நான் எண்ணினது இருநூத்திப் பதின்மூண்டு."

"ஒண்டு தவறியிருக்கும் அக்கா."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் உடனே மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி எண்ணவிட்டான். திரையும் இருநூற்றுப் பதின்மூன்று என்றது.

"மெஷின் மொத்தம் போட்டது எழுதி மூடேக்க," என்றாள் கமலாதேவி. "நாங்கள் எண்ணுறது இண்டைக்கு. இடையில ஒரு மூட்டை கூடியிருந்தா அது நடந்து வந்திருக்காது. ஆரோ கொண்டுவந்து போட்டது."

ஜவ்பர் முதல் வரியில் விரலை வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, புதுப் பட்டியலுக்குப் பழைய பட்டியல்ட ஞாபகம் ஒண்டும் இரிக்காது. எந்தப் பலகையில கீறுறது, எந்த நிறம், எந்த அச்சு, எல்லாத்தையும் முதல்லயிருந்து சொல்லணும். அதனால மொழிபெயர்ப்பாளன் எப்பவும் அதத்தான் முதல்ல எழுதுவான். இங்க பாருங்க. ரெண்டாம் வரி பலகை. மூணாம் வரி நிறம். நாலாம் வரி அச்சு. அதுக்கெல்லாம் முதல் இந்த ஆள். பலகையே இல்லாம இவன எதில கீறினது? காத்திலயா?"

"கப்பல் பேர் போடாத சிட்டை," என்றாள் கமலாதேவி. "கங்காணி கண்டா கிழிச்சுக் கடலில போடுவான்."

"அப்ப அந்த நொடியில ஆள் இல்ல. லோஜனா சொன்னது சரி."

"சரி. ஆனால் புரோகிராம் அவள் ஆளைக் கொலை செய்தவள் எண்டு சொன்னது. அதின்ர கணக்கில ஆள் நிண்டிருக்கிறான், திரையில வரேல்லை. நடுவில ஆரோ அவனை அழிச்சிருக்கினம். அவள் விழுந்தா ஆருக்கு லாபம்?"

"சஜீத்துக்கு. அவள்ட இடத்துக்கு இப்ப அவன்தான் இறங்குதுறையில ஏறுறான். எங்கட ஊர்ப் பொடியன்தான். ஆனா அக்கா, அவனுக்குக் கோழிக்குக் கல்லெறியவே மனசு வராது."

"நல்ல மனசுக்காரரை எனக்கு இன்னும் கூடப் பயம்."

*

இறங்குதுறை வாசலுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சஜீத் வந்தான். சோற்றுப் பொதியைப் பிரித்தபடியே ஜவ்பருக்கு ஸலாம் சொன்னான். கம்பி வேலிக்கு அப்பால் இன்னொருவர் ஓட்டிய கிரேன் ஒன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு மனிதன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றான்.

கமலாதேவி நேரே கேட்டாள். "தம்பி, உம்மட சோதினையில சைகைக்காரன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தவன்?"

பொய்க்காரன் ஏதாவது ஒரு நிறம் சொல்லுவான். திரையில் ஆளை அழித்தவன் சட்டென்று சரியான நிறத்தையே சொல்லுவான். இரண்டில் ஒன்றுக்காக அவள் காத்திருந்தாள்.

சஜீத் சோற்றுக் கையை நிறுத்தினான். "ஆளா? என்ட சோதனையில ஆளே வரல்லையே அக்கா."

"வரேல்லையோ?"

"இல்ல. வெறிச்ச துறைமுகம். அதுதான் லேசாப் பாஸ் பண்ணினன். எங்கட செட்டில ஒருத்தரும் ஆளக் காணல்ல. நாங்க நினைச்சம், சோதனைக்கு ஆள் போடுறதில்லயாக்கும் எண்டு."

"எத்தினை பேர் அந்தச் செட்டில?"

"லோஜனாவோட எட்டுப் பேர். ஏழு பேர் பாஸ்."

லோஜனாவை விழுத்துவதற்காக யாரும் ஆளை அழிக்கவில்லை. எட்டுப் பேர் திரையிலும் ஆள் இல்லை. ஏழு பேரின் பெட்டி அவன் நில்லாத இடத்தில் இறங்கியிருக்கிறது. அவளுடையது அவன் நின்ற இடத்தில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

சஜீத் வெட்கத்தோடு சிரித்தான். "இங்க வந்த முதல் நாள், கீழ உண்மையா ஆள் நிக்கிறதே எனக்குப் புதுசா இருந்திச்சி. ஒருத்தர் கத்தினார். நல்ல காலம் கத்தினார்."

கமலாதேவி வேலிக்கு அப்பால் பார்த்தாள். செம்மஞ்சள் சட்டைக்காரன் கையை இறக்கி, பெட்டிக்குக் கீழால் மறுபக்கம் நடந்து போனான்.

"தம்பி, சோத்தைத் தின்னும். ஆனால் இண்டைக்குத் திரும்பக் கிரேனில ஏறாதேயும். ஆரும் கேட்டா வயித்தால போகுது எண்டு சொல்லும்."

*

மூன்றரை மணிக்கு நாலு பேரும் பொய்க் கிரேன் அறையில் நின்றார்கள். கடிதம் உறையில் இருந்தது. கனகசுந்தரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். லோஜனா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

ஜவ்பர் மொழிபெயர்ப்பாளனின் அமைப்புகளைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தான். "இந்த அளவுக்குச் சின்னதா இரிக்கிற ஒண்டையும் பட்டியலில எழுதாத எண்டு இரிக்கி. புரோகிராம் ஆள வரையச் சொல்லிக் கத்தியிருக்கு. இவன் காதில போடல்ல."

"எனக்கு இதொண்டும் தெரியாது," என்றார் கனகசுந்தரம். நெற்றி வியர்த்திருந்தது. கேட்காமலே சட்டைப் பையில் இருந்து திறப்பை எடுத்தார். "அலுமாரியில கிடக்கிறது மெஷின் வாங்கின பத்திரம். பழைய மெஷின் எரிஞ்சு போச்சு. ஆரோ பாவிச்ச மெஷின் ஒண்டைத்தான் நான் வாங்கினனான், தலைமைக்குப் புதுசெண்டு எழுதினனான். அதின்ர கார்டுக்குப் பழைய புரோகிராமின்ர பாசை விளங்கேல்லை, அதுதான் இந்த மொழிபெயர்ப்பாளன் வேண்டி வந்தது. என்ர களவு அவ்வளவுதான்."

"சேர், நீங்கள் எப்பவாவது கிரேன் ஓட்டினனீங்களோ?"

"ஒருநாளும் இல்லை."

"பட்டியலில இல்லாத ஆளைப் போடச் சொன்னா எங்க போடுவியள்?"

கனகசுந்தரம் விழித்தார். "அடியில. விட்டுப்போனதை அடியிலதானே சேர்க்கிறது."

"ஓம். கந்தோரில இருந்து எழுதுற ஆக்கள் அடியிலதான் சேர்ப்பினம். நானும் அப்பிடித்தான்." கமலாதேவி சுவரைப் பார்த்தாள். பச்சை எழுத்து. "ஆளை எல்லாத்துக்கும் மேல, பலகைக்கும் முதல் நிப்பாட்டியிருக்கு. கை தன்பாட்டில செய்திருக்கு. பொய் எழுதேக்கயும் முதலில் ஆள், பிறகு பாரம். முப்பது வருசம் பழகின கை, ஆதம்பாவா சேர்."

ஆதம்பாவா இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைகள் சத்தி எடுத்திச்சி," என்றார். "மெஷின் இழுத்து இழுத்து. ஒருத்தன் சொன்னான், சின்னச் சாமான்கள எழுதாம உட்டா ஓடும் எண்டு. காகம், கயிறு, புல்லு. அதுகளத்தான் நான் நினைச்சன். ஆள் அவ்வளவு சின்னன் எண்டு நினைக்கல்ல. மேல இருந்து பாத்தா ஆள் சின்னன்தான், எனக்குத் தெரிஞ்சிரிக்கணும்."

"எப்ப தெரிஞ்சது?"

"அவள் அழுதுட்டுப் போன பிறகு. அந்த அமைப்ப நிப்பாட்டிப்போட்டு நானே ஏறி ஓட்டிப் பாத்தன். ஆள் கையக் காட்டிக்கிட்டு நிக்கிறான். அந்த ஓட்டத்தில இருந்த வரியத்தான் எடுத்து அவள்ட பட்டியலில போட்டன். பிறகு எல்லாரும் கேள்வி கேப்பாங்க எண்டு பயந்து, திரும்பவும் பழைய மாதிரி வெச்சன்." அவர் குரல் இறங்கியது. "முப்பது வருசத்தில ஒரு மனிசனையும் நான் தட்டினதில்ல அக்கா. அந்தப் பேரக் காப்பாத்தப் பாத்தன்."

"அவளுக்கும் ஒரு பேர் இருந்தது," என்றாள் கமலாதேவி. "நீங்கள் உங்கடயைக் காப்பாத்த அவளின்ரையைக் குடுத்தனீங்கள்."

ஜவ்பர் அமைப்புகளில் இருந்த அந்த வரியை அழித்தான். திரையில் வெறும் துறைமுகம் ஒருமுறை நடுங்கியது. பிறகு பெட்டிகளுக்கு நடுவே, ஒரு விரல் நகம் அளவுக்கு, ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

கனகசுந்தரம் கடிதத்தைக் கிழித்தார். இறங்குதுறைக்குத் தொலைபேசி எடுத்து, ஏழு பேரையும் கீழே இறக்கச் சொன்னார். மறுமுனையில் யாரோ கத்தினார்கள். அவர் "ஓம், ஓம், இப்பவே" என்றார். ஆதம்பாவா ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு வெளியே போனார். லோஜனா எழுந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டி, நிலத்தைப் பார்த்தபடி படியிறங்கினார்.

கனகசுந்தரம் வாசலுக்கு வந்தார். "மெஷினில ஒரு பிழை, தங்கச்சி. உம்மட முடிவை ரத்துச் செய்திட்டம். வாற செவ்வாய்க்கிழமை எட்டுப் பேருக்கும் திரும்பச் சோதினை. காலம எட்டு மணிக்கு வாரும்."

"சரி சேர்." அவள் போகவில்லை. ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேற ஒண்டும் சொல்லுறதுக்கு இல்லையோ சேர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ. அடையாள அட்டையையும் கொண்டு வாரும்," என்றுவிட்டு உள்ளே போனார்.

கமலாதேவி வலிக்கும் காலை முதல் படியில் வைத்து, கூடவே வரும்படி லோஜனாவுக்குக் கையை நீட்டினாள். சோதனைக்கு நாள் குறித்தாயிற்று. பதினொரு நாளாகக் கொலைகாரி என்று பெயர் கேட்ட பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருந்தார்கள். இருவரில் ஒருவரும் அதைக் கொடுக்கவில்லை.